வாழவந்தியின் பலாமரப் பள்ளி

பலாமரத்தின் உயரமான கிளையிலிருந்து ஒரு கயிறு மெல்ல இறங்குகிறது. கயிற்றின் நுனியில் எழுதி முடித்த பாடம். கீழே நிற்கும் அம்மா அதை அவிழ்த்துத் திருத்துகிறார். மேலே உட்கார்ந்திருக்கும் பையனுக்குத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து படிக்கப் பிடிக்காது. மரத்தின் மேல் என்றால் எவ்வளவு நேரமானாலும் படிப்பான். அம்மா அவனோடு மல்லுக்கு நிற்கவில்லை. சரி, மரத்திலேயே படி என்று விட்டுவிட்டார்.

இது நடந்தது ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன்பு, கொல்லிமலையில் வாழவந்தி என்ற ஊரில். அம்மாவின் பெயர் ஈவ்லின் பிராண்ட். மரத்தின் மேல் இருந்தவர் பால் பிராண்ட். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று வேலூரில் உலகுக்குச் செய்துகாட்டிய மருத்துவர் அவர்தான். மகனின் பெயர் மருத்துவ நூல்களில் நிலைத்துவிட்டது. அம்மாவின் பெயரோ நம் கொங்கு மண்ணிலேயே பலருக்குத் தெரியாது. இத்தனைக்கும் அவர் உயிர் பிரிந்த பின் கலந்தது இந்த மண்ணில்தான்.

கோவையிலிருந்து கிளம்பி ஈரோடு, நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரத்தை அடைந்தால், இன்று 70 கொண்டை ஊசி வளைவுகள் நம்மை மேலே கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. கார் வைத்திருப்பவர்கள் காலையில் புறப்பட்டு ஆகாயகங்கை அருவியில் குளித்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டு, மிளகும் அன்னாசியும் வாங்கிக்கொண்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். அன்றைக்குத் தார்ச்சாலை கிடையாது. நடக்க வேண்டும், அல்லது மட்டக்குதிரை, அல்லது ஆட்கள் தூக்கும் டோலி. மலேரியாவுக்குப் பயந்து சமவெளிக்காரர்கள் மலையேறத் தயங்கிய காலம் அது.

அப்படிப்பட்ட மலைக்கு 1913-இல் புது மணப்பெண்ணாக ஏறினார் ஈவ்லின். அப்போது அவருக்கு வயது 34.

லண்டனில் செயிண்ட் ஜான்ஸ் வுட் என்ற வசதியானவர்கள் வாழும் பகுதியில், வசதியான வீட்டில் பிறந்தவர் அவர். பிறந்த ஆண்டு 1879. பட்டுக் கவுனும் தொப்பியுமாக வளர்ந்த பெண். ஓவியம் அவருக்கு உயிர். இங்கிலாந்தின் புகழ்பெற்ற இயற்கைக் காட்சி ஓவியர் டர்னர் மீது பெரும் பற்று. 'ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட்' என்ற, கட்டுப்பாடு மிகுந்த கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். அந்தச் சபையின் ஊழியராக இந்தியாவுக்கு வந்திருந்த ஜெஸ்ஸி பிராண்ட், கொல்லிமலை மக்களின் நிலைமையைப் பற்றிச் சொன்னதைக் கேட்டார். பிறகு தாமும் ஊழியராகக் கப்பலேறினார். இந்தியாவில்தான் இருவருக்கும் திருமணம் நடந்தது. மணமகன் மணமகளைவிட ஆறு வயது போல இளையவர்.

மதம் பரப்பத்தான் அவர்கள் வந்தார்கள். அதை மறைத்து எழுதுவது அவர்களுக்கே நியாயமாகாது. ஆனால் வந்த பிறகு செய்ததும் நிறைய. ஜெஸ்ஸி கட்டட வேலை தெரிந்தவர். இங்கிலாந்தில் ஓராண்டு மருத்துவப் பயிற்சியும் பெற்றிருந்தார். மலையில் பள்ளிகள் தொடங்கினார், தச்சு கற்றுக்கொடுத்தார், மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார். தொடக்க ஆண்டுகளில் மலை மக்கள் மருந்தை வாங்கிக்கொண்டார்களே தவிர, மதத்தை ஏற்கவில்லை. உள்ளூர்ப் பூசாரி கடுமையாக எதிர்த்தார். 1918-ஐ ஒட்டிப் பரவிய கொள்ளைக் காய்ச்சல் மலையையும் எட்டியபோது, பயத்தில் சொந்தக்காரர்களே ஒதுங்கினார்கள். கணவனும் மனைவியும் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். அந்தப் பூசாரியும் படுத்துவிட்டார். தன் கைக்குழந்தையை வளர்க்கும் பொறுப்பை இந்தத் தம்பதியிடம் ஒப்படைத்துவிட்டு அவர் கண்ணை மூடினார். மலை மக்களின் மனம் திரும்பியது அதற்குப் பிறகுதான். அவர்களைத் தொட்டது அந்தக் கஞ்சிதான் என்றே தோன்றுகிறது.

ஈவ்லினுக்கு 1914-இல் மகன் பால் பிறந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து மகள் கானி. பிள்ளைகள் படிக்கும் வயது வந்தது. அந்தக் கால வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குச் சில வழிகள் இருந்தன. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கென்று குன்னூரில் 1899-இலும் கொடைக்கானலில் 1901-இலும் விடுதிப் பள்ளிகள் தொடங்கப்பட்டிருந்தன. அதுவும் வேண்டாமென்றால் ஏழெட்டு வயதிலேயே சீமைக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள். ஈவ்லின் எந்த அவசரமும் படவில்லை. தானே ஆசிரியை ஆனார்.

அந்த வீட்டுப் பள்ளியில் மணி கிடையாது, சீருடை கிடையாது. எழுத்தும் கணக்கும் அம்மா. செடி, பறவை, பூச்சி எல்லாம் அப்பா. கரையான் புற்றை வெட்டித் திறந்து உள்ளே ஒரு நகரமே இயங்குவதை மகனுக்குக் காட்டியவர் ஜெஸ்ஸி. ஓவியம் அம்மாவின் தனிப்பாடம். ஒரு மலைமுகட்டை வரைய வேண்டுமென்றால் முதலில் அதை உற்றுப் பார்க்க வேண்டும். காலையில் அதன் நிறம் ஒன்று, மழை விட்ட மாலையில் வேறொன்று. பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் ஓவியரான ஒரு தாய் தரக்கூடிய பெரிய பாடம். பின்னாளில் நோயாளியின் கையை மணிக்கணக்காகப் பார்த்து, எந்தத் தசை செத்திருக்கிறது, எது இன்னும் உயிரோடிருக்கிறது என்று கண்டுபிடித்த மருத்துவரின் கண்ணுக்குப் பயிற்சி இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் இரண்டு பேர் மட்டும் அல்ல.

கொல்லிமலையின் பழங்குடிகள் 'மலையாளி' என்று அழைக்கப்படும் தமிழ் பேசும் மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று எண்ணிவிடக் கூடாது. மலையை ஆள்பவர்கள் என்று விளக்கம் சொல்வார்கள். ஓடைகளை மறித்துப் படிப்படியாக வயல் அமைத்து நெல் விளைவிப்பதில் அவர்கள் கைதேர்ந்தவர்கள். ஒரு படியின் வரப்பு உடைந்தால் அடுத்த படியும் சேர்ந்து போகும். ஆகவே வரப்பையும் மடையையும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஒரு பெரியவர் இருப்பார்.

சிறுவன் பால் மலைப் பிள்ளைகளோடு சேர்ந்து வயலில் தவளை பிடித்துக்கொண்டிருந்தான். ஆறு வயது இருக்கும். சேறு கலங்கி, நாற்று மிதிபட்டு, ஒரே கும்மாளம். தாத்தா வருகிறார் என்று யாரோ கத்தினார்கள். குனிய முடியாத முதுகோடு கோலை ஊன்றி நடந்து வந்த அந்தப் பெரியவர் பிள்ளைகளை அடிக்கவில்லை. வரப்பைத் தாண்டிக் கீழ் வயலுக்கு வழிந்துகொண்டிருந்த கலங்கல் நீரைக் காட்டினார். பிறகு ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டிக் கேள்வி கேட்டார். தன் தாத்தா பிறப்பதற்கு முன்பிருந்து சோறு போட்ட மண் இது, பேரன் பேத்திகளுக்கும் போடப்போகிற மண். கலங்கிய தண்ணீரோடு ஆற்றுக்குப் போய்விட்டால் மறுபடி மலையேறி வருமா என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம். தெளிந்த நீர் ஓடினால் கவலையில்லை, கலங்கல் ஓடினால் உயிரே ஓடுகிறது என்று பையன்களுக்குப் புரிந்தது. அதன்பின் வயலில் அவர்கள் தவளை பிடிக்கவில்லை.

உலகம் சுற்றி, விருதுகள் வாங்கி, முதுமையில் இந்த நிகழ்ச்சியை ஒரு கட்டுரையாகவே எழுதினார் பால் பிராண்ட். காடழிந்த மலைகளிலிருந்து மழைக்காலத்தில் செந்நீர் இறங்குவதைப் பார்த்து அவர் பட்ட வேதனையும் அதில் இருக்கிறது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் ஜவ்வரிசி ஆலைகளுக்காகக் குச்சிக்கிழங்கு போட்டுக் கிளறுகிற இன்றைய கொல்லிமலைக்காரர்களுக்கு அந்த வேதனை நன்றாகவே விளங்கும்.

பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைப்பது என்றால் நான்கு சுவருக்குள் பொத்தி வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஈவ்லின் செய்தது நேரெதிர். தன் பிள்ளைகளை ஊர்ப் பிள்ளைகளோடு கலக்க விட்டார். மண்ணைப் பற்றிய பாடத்தை ஒரு மலையாளித் தாத்தா எடுத்தார் என்றால், அதற்கு இடம் விட்டவர் அம்மா. வெள்ளைக்காரத் துரைமார் பிள்ளைகளைச் சேரிப் பக்கம் விடாத காலத்தில் இது சாதாரணமல்ல.

இன்னொரு பாடம் யாரும் திட்டமிடாதது. ஒருநாள் மூன்று பேர் வீட்டை நோக்கி வந்தார்கள். அவர்களைக் கண்டதும் கூட்டம் விலகியது. தொழுநோயாளிகள். பிள்ளைகளை அம்மா உள்ளே போகச் சொல்லிவிட்டார். சிறுவன் பால் ஒளிந்திருந்து பார்த்தான். எப்போதும் வெறுங்கையால் புண்ணைத் தொடும் அப்பா அன்று கையுறை போட்டுக்கொண்டதைப் பார்த்தான். புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டு, உணவு கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் உட்கார்ந்த இடத்தில் விளையாடக் கூடாது என்று பிள்ளைகளுக்கு உத்தரவு. அந்தத் தாயும் தந்தையும்கூட அந்த நோய்க்கு அஞ்சினார்கள் என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. அன்றைய மருத்துவ அறிவு அவ்வளவுதான். அந்த அச்சத்தை உடைக்கப்போகிறவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

1923-இல் விடுமுறைக்காகக் குடும்பம் இங்கிலாந்து போனது. திரும்பும்போது கப்பலில் இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

மகனுக்கு ஒன்பது வயது. மகளுக்கு இன்னும் சின்ன வயது. இருவரையும் லண்டனில் அம்மாவின் சகோதரிகள் வீட்டில் விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் கொல்லிமலைக்கு வந்துவிட்டார்கள். பள்ளிப் படிப்புக்கு அதுதான் வழி என்று அன்று நம்பினார்கள். ஈவ்லினின் வாழ்க்கையில் நம்மால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடியாத இடம் இது. மரத்தில் ஏறிப் படிக்க விட்ட அம்மா, கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வர எப்படித் துணிந்தார்? கடமை என்று அவர் பதில் சொல்லியிருப்பார். அந்தக் கடமையின் விலையில் ஒரு பங்கைப் பிள்ளைகள் கட்டினார்கள் என்பதும் உண்மைதான். லண்டன் பள்ளியில் அந்தப் பையன் சோபிக்கவில்லை. ஏறுவதற்கு மரம் கிடைக்காமல் தெருவிளக்குக் கம்பத்தில் ஏறினான்.

அறுந்துவிடாமல் காத்தது கடிதம். அப்பா வாராவாரம் எழுதினார். எந்த மரம் பூத்திருக்கிறது, எந்தப் பறவை கூடு கட்டியிருக்கிறது என்று மலையை மடித்து உறைக்குள் வைத்து அனுப்பியது போன்ற கடிதங்கள். வீட்டுப் பள்ளி அஞ்சலில் நடந்தது என்றே சொல்லலாம்.

1929 ஜூன் 15 அன்று ஜெஸ்ஸி இறந்துபோனார். மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் காய்ச்சல். வயது 44. மறு ஆண்டு குடும்பம் ஒன்றுசேர வேண்டும் என்று திட்டம் இருந்தது. செய்தி தந்தியில் லண்டனுக்கு உடனே போய்விட்டது. கடிதங்களோ கப்பலில் போய்க்கொண்டிருந்தன. அப்பா இறந்த செய்தி கேட்ட பிறகும் வாரக்கணக்கில் அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. மரங்களையும் பறவைகளையும் பற்றிய அதே கடிதங்கள்.

கணவரை வாழவந்தியில் அடக்கம் செய்துவிட்டு ஈவ்லின் பிள்ளைகளைப் பார்க்கப் போனார். கப்பலில் இருந்து இறங்கிய அம்மாவை மகனால் அடையாளம் காண முடியவில்லை. நினைவில் இருந்தது உயரமான, சிரித்த முகம். எதிரே நின்றது துயரத்தில் குறுகிக் கூனிய உருவம். அன்பு ஒருவரை இப்படி உருக்குலைக்கும் என்றால் யாரிடமும் இவ்வளவு அன்பு வைக்கக் கூடாது என்று அந்த வயதில் தோன்றியதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார் மகன்.

உறவினர்கள் தடுத்தும் கேட்காமல் அம்மா இந்தியாவுக்குத் திரும்பினார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை என ஐந்து மலைத்தொடர்களின் மக்களிடம் போக வேண்டும் என்று கணவனும் மனைவியும் உறுதி எடுத்திருந்தார்கள். அதில் கொல்லிமலை மட்டும்தான் முடிந்திருந்தது.

70 வயதை நெருங்கியபோது ஊழியச் சங்கம் ஓய்வு பெறச் சொன்னது. பெற்றார். ஆனால் ஊருக்குப் போகவில்லை. மலையில் சிறு வீடு கட்டிக்கொண்டு, சம்பளமும் சங்கமும் இல்லாத தனி ஆளாக வேலையை மறுபடி தொடங்கினார். நம் வீடுகளில் அந்த வயதில் பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள். இவரோ மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். பலமுறை கீழே விழுந்து அடிபட்டார். கால் தள்ளாடியபோது இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றி நடந்தார். எல்லோருக்கும் அவர் பாட்டி ஆனார்.

பாட்டியின் வேலைகளில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். நரம்புச் சிலந்தி நோய் அப்போது மலையை வாட்டியது. படிக்கட்டு இறங்கித் தண்ணீர் எடுக்கும் கிணற்றில் நோயாளி கால் வைத்தால், புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அதைக் குடித்தவர் உடலில் ஓராண்டு வளர்ந்து, இரண்டடி, மூன்றடி நீளப் புழு தோலைத் துளைத்து வெளியே வரும். அதைக் குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக இழுத்து எடுப்பதுதான் வைத்தியம். இழுத்து எடுப்பதைவிட வரவிடாமல் செய்வது மேல் என்று ஈவ்லின் கண்டுகொண்டார். கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்புங்கள், காலை நனைக்காதீர்கள் என்று ஊர் ஊராகச் சொன்னார். அவர் நடமாடிய மலைகளில் நோய் அடங்கியது. இந்தியா இந்த நோயிலிருந்து விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த ஆண்டு 2000. பாட்டி அந்த வேலையை அதற்கு அரை நூற்றாண்டு முன்பே கையில் எடுத்திருந்தார். படித்தவர்களுக்கு மட்டும் ஆசிரியையாக இருப்பது எளிது. எழுத்தறியாத ஒரு மலையையே மாணவராக வைத்துப் பாடம் நடத்தினார் அவர்.

அவர் வீட்டில் கடைசி 20 ஆண்டுகள் கண்ணாடியே கிடையாது. பட்டும் தொப்பியுமாக வளர்ந்த அந்த லண்டன் பெண், தன் முகம் எப்படிச் சுருங்கியிருக்கிறது என்று பார்க்கத் தேவையில்லை என்று முடிவு செய்திருந்தார். அந்தச் சுருங்கிய முகம்தான் தான் கண்டவற்றில் அழகானது என்பது மகனின் தீர்ப்பு.

அந்த மகன் 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்திருந்தார். மருத்துவம் படிக்கும் முன் அவர் சில ஆண்டுகள் கட்டட வேலையும் தச்சும் பழகியவர். தொழுநோயாளியின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத் தேய்கிறது என்று நிறுவினார். நல்ல தசைநாரை எடுத்து வேறிடத்தில் தைத்து, மூடிய கையைத் திறக்க வைத்தார். வேலூரை அடுத்த கரிகிரியில் அந்த ஆராய்ச்சி வேரூன்றியது. 1960-இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது. பலாமரத்தில் படித்தவர்!

இன்று கோவையிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காவிட்டால் தண்டனை என்று சொல்லவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத 14 வயது நிறைந்திருந்தால் போதும். வழி இருக்கிறது. ஆனால் ஈவ்லினின் கதையைப் படிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அம்மாவும் அப்பாவும் தங்கள் முழுநேரத்தையும் அதில் போட்டிருந்தார்கள். ஊரும் கூட நின்றது. இந்த இரண்டும் இல்லாமல் பள்ளியை மட்டும் நிறுத்துவது வீட்டுக்கல்வி ஆகாது. கைப்பேசியையும் காணொளிப் பாடத்தையும் கையில் கொடுத்துவிட்டு அதற்கு அந்தப் பெயர் வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

1974 டிசம்பர் 18 அன்று, 95-ஆம் வயதில் ஈவ்லின் காலமானார். உடலை மலைக்குக் கொண்டுபோய், வாழவந்தியில் கணவர் அருகே, 45 ஆண்டுகள் கழித்து அடக்கம் செய்தார்கள். பெட்டி வேண்டாம் என்பது அவர் முன்பே சொல்லி வைத்திருந்த விருப்பம். எளிய பருத்தித் துணியில் சுற்றி மண்ணில் இறக்கினார்கள். தன் உடல் இந்த மண்ணுக்கு உரமாகட்டும் என்று நினைத்திருக்கிறார். ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டிய அந்தத் தாத்தா இருந்திருந்தால் தலையசைத்திருப்பார்.

ஈவ்லினின் வாழ்க்கை வரலாறு 1976-இல் புத்தகமாக வந்தது. எழுதியவர் டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்கர். அந்தப் பாட்டியைக் குதிரையின் மேல் பார்த்த, அவர் சொல்லிக் கிணற்றுக்குச் சுவர் எழுப்பிய குடும்பங்களின் பிள்ளைகள் கொல்லிமலையிலும் கல்வராயன்மலையிலும் இன்று 60 வயதைத் தாண்டியிருப்பார்கள். நாமக்கல், சேலம் பக்கத்துக் கல்லூரிகளில் வரலாறும் தமிழும் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை அருவியில் குளிக்க மலையேறும்போது ஒரு நோட்டும் எடுத்துச் செல்லுங்கள். வாழவந்தியில் இறங்கி, அந்தப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.